அட்வான்ஸ் வாங்கும் முன்: வீடு வாங்க வருகிறவரின் பணத்தை விசாரிப்பது எப்படி, கெடு தள்ளிப்போனால் என்ன செய்வது

வீடு வாங்க வருகிறவர் நம்மிடம் எதையும் விட்டுவைப்பதில்லை. தாய்ப்பத்திரம் வரை புரட்டுகிறார், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார், பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கேட்கிறார், அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார், போர் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து ஒரு மடக்குக் குடித்து உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கிறார். விற்கிற நாம்? "நல்ல பார்ட்டி, கைமேல காசு" என்று புரோக்கர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காப்பி போட்டுக் கொடுத்து அட்வான்ஸ் வாங்கிவிடுகிறோம். அவரிடம் பணத்தைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பு.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் அப்பா கட்டிய வீட்டை நானும் அக்காவும் 40 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். வாங்க வந்தவர் பாம்பன் பக்கம் விசைப்படகு வைத்திருப்பவர், நல்ல மனிதர். மார்ச் முதல் வாரத்தில் அக்ரிமெண்ட், மூன்று மாதக் கெடு. மூன்று மாதம் என்றால் ஜூன் முதல் வாரம். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவன் நான், எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும். வருமானம் இல்லாதது மட்டுமில்லை, பெயின்ட், இன்ஜின் வேலை, பலகை மாற்றுவது என்று பணம் வெளியே போகிற காலமும் அதுதான். அவருடைய கையில் ஒரு காசு சேராத காலத்துக்குள் எங்கள் கெடுவைக் கொண்டுபோய் வைத்திருந்தோம். தடை முடிந்து முதல் சில தடவை கடலுக்குப் போய் வந்த காசு டீசலுக்கும் பழுதுபார்த்த கடனுக்கும் போனது. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் யார் பத்திரம் பதிவார்கள்? கடைசியில் ஆவணியில்தான் கிரயம் ஆனது. அவர் ஏமாற்றவில்லை. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

சரி, என்ன கேட்பது? "பணம் இருக்கிறதா" என்று கேட்கக்கூடாது. அதற்கு யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, பணம் எந்தெந்த வழியில வருது, எது எப்ப வருது?" என்று கேட்க வேண்டும். வீட்டுப் பணம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கொஞ்சம் கையிருப்பு, கொஞ்சம் வங்கிக் கடன், கொஞ்சம் இனிமேல் வரவேண்டியது. இந்த மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. ஊரில் இடம் ஒன்று விற்கப் போகிறோம், மச்சான் துபாயிலிருந்து அனுப்புவார், சீட்டு எடுக்கப் போகிறேன், முண்டு மிளகாய் விற்றதும் வரும், ஒத்திக்கு விட்ட பணம் திரும்பும் என்று எத்தனையோ பேர் வைத்திருப்பார்கள். எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு, அந்தத் தேதி அவர் கையில் இல்லை. மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே மாதத்தையும் எழுதிப் பாருங்கள். எந்த மாதத்தில் முழுத்தொகை கூடுகிறதோ அதற்கு அப்புறம் ஒரு மாதம் சேர்த்துத்தான் கெடு வைக்க வேண்டும்.

கையிருப்புக்கு பாஸ்புக் அல்லது ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் காட்டச் சொல்லலாம். கணக்கு எண்ணை மறைத்துக் காட்டட்டும், நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம், நமக்கு அது தேவையில்லை. கடைசி வரியில் இருக்கிற தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அது எப்போது வந்தது என்று பாருங்கள். ஆறு மாதமாக ஐயாயிரம் பத்தாயிரம் ஓடிக்கொண்டிருந்த கணக்கில் போன செவ்வாய்க்கிழமை எட்டு லட்சம் வந்து உட்கார்ந்திருந்தால், அது யாரோ காட்டுவதற்காகக் கொடுத்ததாக இருக்கலாம், நகைக்கடனாக இருக்கலாம், உண்மையிலேயே இடம் விற்றதாகவும் இருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடும்.

இப்போது வங்கிக் கடன். புதிதாக விற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "லோன் ஓகே ஆயிருச்சு" என்று பார்ட்டி சொன்னால் அதற்கு நாலு அர்த்தம் இருக்கலாம். வங்கி மேனேஜர் வாயால் சொன்னது ஒன்று. அவருடைய சம்பளத்தையும், வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டுகிற சிபில் மதிப்பெண்ணையும் பார்த்து இவ்வளவு வரை தரலாம் என்று கொடுத்த முதல்கட்டக் கடிதம் இன்னொன்று, அதில் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. அப்புறம் வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்த்து லீகல் ஒப்பீனியன் கொடுத்து, வேல்யூவர் வந்து வீட்டை மதிப்பிட்டு, உங்கள் வீட்டின் பேரிலேயே கொடுக்கிற சாங்ஷன் கடிதம். கடைசியாக, பதிவு நாளில் உங்கள் பெயரில் கையில் வருகிற டிடி. நமக்குப் பொருள் உள்ளது கடைசி இரண்டும்தான். அந்த சாங்ஷனுக்கும் காலாவதித் தேதி உண்டு, கடிதத்திலேயே போட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

சிபில் மதிப்பெண் 300-லிருந்து 900 வரை போகும், 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாக முகம் சுளிப்பதில்லை. அவருடைய சிபிலை நாம் எடுத்துப் பார்க்க முடியாது, அவரே எடுத்துக் காட்டினால்தான் உண்டு. வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம் என்பதால் அதில் செலவும் இல்லை.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் வீட்டையே வைத்துச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதையும் தாண்டினால் 75 சதவீதம்தான் தரலாம். இது உச்சவரம்பு, குறைத்துக் கொடுக்க வங்கிக்கு எந்தத் தடையும் இல்லை. எங்கள் பார்ட்டிக்குக் கடன் மகன் பெயரில், அந்தத் தம்பி சென்னையில் வேலை. 40 லட்சத்துக்கு 80 சதவீதம், 32 லட்சம் வங்கி தரும், 8 லட்சம் கையிலிருந்து போட வேண்டும் என்று மனக்கணக்கு. பத்திரச் செலவை மறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், சேர்த்தால் 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். இந்த அளவு விலையுள்ள வீட்டுக்கு இந்தச் செலவை மதிப்பில் சேர்த்து வங்கி கடன் தராது, ரொக்கமாக அவர்தான் கட்ட வேண்டும். ஆக 8 இல்லை, 11 லட்சத்து 60 ஆயிரம்.

அத்தோடு முடியவில்லை. வங்கியின் வேல்யூவர் வந்தார். டேப்பைப் பிடித்து அளந்தார், போட்டோ எடுத்தார், அப்புறம் வாசல் பக்கம் நின்று கையிலிருந்த சாவிக்கொத்தால் சன்ஷேடை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது, உள்ளே கம்பி துருவேறி உப்பி இருந்தது. உப்புக்காற்று வீடுகளுக்கு இந்தக் கரையில் இது புதிதில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை, விழுந்த துண்டைக் காலால் ஓரமாக நகர்த்திவிட்டு எழுதிக்கொண்டு போனார். மதிப்பு 34 லட்சம் என்று வந்தது. பேசிய விலை, வங்கி போட்ட மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் கடன். 30 லட்சத்துக்குள் என்றால் 90 சதவீதம் வரை தர விதி இடம் கொடுத்தாலும் இந்த வங்கி 80-ஐத் தாண்டவில்லை. 34 லட்சத்தில் 80 சதவீதம் 27 லட்சத்து 20 ஆயிரம். பார்ட்டி கையிலிருந்து போடவேண்டியது இப்போது 12 லட்சத்து 80 ஆயிரமும் பத்திரச் செலவும், மொத்தம் 16 லட்சத்து 40 ஆயிரம். முதலில் 8 லட்சம் என்று நினைத்தவர். மீதியைக் கடல்தான் கொடுக்க வேண்டும், கடலோ தடையில் கிடந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. விற்பதற்கு முன் சில ஆயிரம் செலவழித்து அந்தச் சன்ஷேடைப் பூசியிருக்கலாம் என்று அக்கா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அதைச் சொல்ல வரவில்லை (பூசியிருந்தாலும் அவர் தட்டிப் பார்த்திருப்பார்). பார்ட்டியின் வங்கி வந்து வீட்டைப் பார்த்த பிறகு அக்ரிமெண்ட் போடுவது நல்லது என்றுதான் சொல்கிறேன். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால், சின்ன முன்பணம், குறுகிய கெடு, "மதிப்பு குறைந்தால் வித்தியாசத்தை யார் ஏற்பது" என்று ஒரு வரி.

தாமதம் எப்போதும் வாங்குபவர் பக்கம் மட்டும் இருப்பதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது, பாகப்பிரிவினையில் ஒரு அத்தையின் கையெழுத்து விட்டுப்போனது, மாடிக்கு அனுமதி வாங்காதது, இதையெல்லாம் வங்கியின் வக்கீல் கண்டுபிடிக்கும்போதுதான் நமக்கே தெரியவரும். கடலோரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். கடல் நீர் ஏறிவருகிற எல்லையான உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வருவதால், அங்கே கட்டடத்துக்கு முறையான அனுமதி இல்லை என்றால் வங்கி பின்வாங்கிவிடும். புறம்போக்கில் தலைமுறையாகக் குடியிருக்கிற வீட்டுக்குக் கடனே வராது, அப்படிப்பட்ட வீட்டைக் கடன் வாங்குகிற பார்ட்டிக்குப் பேசுவதே வீண். அதனால் புரோக்கரிடம் சொல்வதற்கு முன் வில்லங்கமும் தாய்ப்பத்திரமும் எடுத்து உங்கள் வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் என்றால் வாங்குபவர் பாதிப்பேர் வளைகுடாவில்தான் இருப்பார். இங்கே பணத்தைவிட ஆள் வருவதுதான் பிரச்சினை. "பெருநாளைக்கு வர்றேன் காக்கா, வந்ததும் முடிச்சிருவோம்" என்பார், லீவு கிடைக்காது, அடுத்த பெருநாள் ஆகிவிடும். வரமுடியாது என்றால் தனக்காகக் கையெழுத்துப் போட இங்கே ஒருவருக்குப் பவர் கொடுக்கலாம், ஆனால் வெளிநாட்டில் எழுதிய பவரை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத்தீர்வை கட்டிச் சரிசெய்ய வேண்டும். இதற்கான நாட்களையும் கெடுவில் சேருங்கள். பணம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று வங்கியில் உள்ள அவருடைய என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து வங்கி வழியாக வரட்டும். வங்கிக்குத் தெரியாமல் ஆள் மூலம் கைமாறுகிற உண்டியல் வழியாக வந்து பையில் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மாட்டிக்கொள்வது நீங்கள்தான். விற்கிற நீங்களே வெளிநாட்டில் இருப்பவர் என்றால் வரிப்பிடித்தமும் வேறு மாதிரி, ஆடிட்டரைக் கேட்காமல் விலை பேசாதீர்கள்.

ரொக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். வீடு நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. "பத்திரத்தில கைடுலைன் வேல்யூ (அரசு போட்ட மதிப்பு) மட்டும் போட்டுக்கலாம், மிச்சம் கையில" என்று சொல்கிற பார்ட்டிக்குப் பத்திரத்தில் போட்ட தொகையை வைத்துத்தான் வங்கியும் கடன் தரும். ஆக கையில் தருகிறேன் என்ற மிச்சம் இன்னும் பெரிதாகும், பத்திரத்தில் இல்லாத அந்தத் தொகைக்காக நீங்கள் எங்கேயும் போய் நிற்கவும் முடியாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், ஊரில் இருக்கிற நமக்கு, வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். அது மோசடி இல்லை, சட்டம். பிடித்ததற்கான சான்றை மட்டும் மறக்காமல் வாங்கிவிடுங்கள்.

அக்ரிமெண்டில் என்ன எழுதுவது? தொகை, தேதி என்று எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது இவை: வங்கி கடன் மறுத்தால் முன்பணம் எத்தனை நாளில், எவ்வளவு கழித்துத் திரும்பும், கெடு தாண்டினால் என்ன, நீட்டிப்பு எழுத்தில் மட்டுமே செல்லும், முழுப்பணம் வந்த பிறகே சாவி. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்த அக்ரிமெண்ட் வில்லங்கத்தில் ஏறிவிடும், பார்ட்டி கழன்றுகொண்டாலும் ரத்துப் பத்திரத்தில் அவரும் வந்து கையெழுத்துப் போடும்வரை அது அங்கேயே இருக்கும், புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார். விற்பவருக்கு இருக்கிற பெரிய ஆபத்து இதுதான், அதனால்தான் அக்ரிமெண்டுக்கு முன்பே பணத்தை விசாரிக்கச் சொல்கிறேன். பதியாமல் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம், கிரயம் செய்துதரச் சொல்லிப் போடுகிற வழக்கில் பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த வழக்குப் போட அவருக்குக் கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம் இருக்கிறது.

இப்போது கெடு வந்துவிட்டது, பணம் வரவில்லை. முதலில் கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள், காரணத்துக்குச் சான்றும் கேளுங்கள். வங்கி தாமதம் என்றால் விண்ணப்ப எண் இருக்கும், பார்ட்டியோடு நீங்களும் வங்கிக்கு ஒரு நடை போய் வரலாம், நான் போனேன், பத்து நிமிடத்தில் எந்தத் தாள் குறைகிறது என்று தெரிந்துவிட்டது. அவருடைய இடம் விற்கவில்லை என்றால் அதற்கு யார் பேசுகிறார்கள், அட்வான்ஸ் வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். ஒன்றுக்கும் தெளிவாகப் பதில் வராமல், "சன்ஷேடு வேற பெயருது, கொஞ்சம் விலையைப் பாருங்களேன்" என்று பேச்சு திரும்பினால், அது பணத் தட்டுப்பாடு இல்லை, விலைக் குறைப்பு.

நீட்டிப்புக் கொடுப்பதாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். புதுத் தேதி, கூடுதல் முன்பணம், இரண்டு பேர் கையெழுத்து. வாட்ஸ்அப்பில் "சரி பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்று நல்ல மனதோடு நாம் போடுகிற வரி பின்னால் நமக்கே வினையாகும், ஏனென்றால் வீடு நில விற்பனையில் கெடு தாண்டினாலே ஒப்பந்தம் தானாக முறிந்துவிட்டதாகப் பொதுவாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வதில்லை. கொடுக்க மனமில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், இத்தனை நாளுக்குள் முடிக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று. முன்பணத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்பது அக்ரிமெண்டில் எழுதியிருப்பதைப் பொறுத்தது, எழுதியிருந்தாலும் தொகை மிகப் பெரிது என்றால் நீதிமன்றம் முழுதும் விடாது. வைத்துக்கொண்ட பணம் உங்கள் வருமானமாகக் கணக்காகி அதற்கு வரியும் உண்டு. என்னைக் கேட்டால், சமாதானமாகக் கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, அன்றைக்கே ரத்துப் பத்திரம் பதிந்துவிடுவதுதான் லாபம்.

தாமதமாகும்போது இன்னொரு வேண்டுகோள் வரும். எங்களுக்கும் வந்தது. வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பார்ட்டியின் மனைவி அக்காவுக்குப் போன் செய்து, "இதுக்கப்புறம் நல்ல நாளே இல்லக்கா, பால் மட்டும் காய்ச்சிக்கிறோம், பாத்திரத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுறோம்" என்றார். அக்கா கிட்டத்தட்ட சரி என்று சொல்லியே விட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். பால் காய்ச்சின வீட்டில் ஒரு பீரோ வரும், பீரோ வந்த வீட்டில் பிள்ளை தங்கிப் படிப்பான், அப்புறம் சாவியைத் திரும்பக் கேட்பது யார்? அவர்களுக்கு வருத்தம்தான், ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அதேபோல அவருடைய தேதியை நம்பி நீங்கள் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அக்கா தன் பங்கை நம்பி ஒரு மனைக்குக் கொடுத்துவிட்டு, ஆவணி வரைக்கும் வட்டிக்கு வாங்கி ஓட்டினாள்.

பதிவு நாளில் ஒரே விஷயம்தான்: கையெழுத்துக்கு முன் பணம். கிரயப் பத்திரத்தில் முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கும், அதில் கையெழுத்துப் போட்டுப் பதிந்துவிட்டால் வீடு அவருடையது. பணம் பாக்கி என்பதற்காகப் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது, பாக்கியைக் கேட்டுத்தான் வழக்குப் போடலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அதனால் பின்தேதியிட்ட செக் வேண்டாம். டிடி என்றால் முந்தின நாளே நகல் வாங்கி, கொடுத்த கிளையில் போன் போட்டுக் கேளுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குப் பெரிய தொகை அனுப்புகிற ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, "பேங்க் லீவு" என்ற சாக்கு இனி செல்லாது. அவர் போனில் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காதீர்கள், உங்கள் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள்.

எங்களுக்கு ஆவணியில் முகூர்த்த நாளாகப் பார்த்து டோக்கன் போட்டிருந்தார்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாண வீட்டுக் கூட்டம். டிடி வங்கிக்காரர் கையில் இருந்தது. மீதி ஆர்டிஜிஎஸ் போட்டாயிற்று என்றார் படகுக்காரர், என் போனுக்கு ஒன்றும் வரவில்லை. எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். "பணம் ஏறட்டும் அண்ணே" என்றேன். அவர் முகம் சுருங்கியது, ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ஆளை விடச் சொல்லிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு டீ சொன்னார். டீ பாதி குடிக்கும்போது மெசேஜ் வந்தது. உள்ளே போய் நாங்கள் கையெழுத்துப் போட்டோம், கைரேகை வைத்தோம். அவருடைய முறை வந்தபோது மெஷின் எடுக்கவில்லை. வலைக்கயிறு இழுத்து இழுத்து ரேகை தேய்ந்த விரல். துண்டில் துடைத்துத் துடைத்து வைத்தார், நாலாவது தடவைதான் ஏறியது.